விரைவின்கண் வழங்கும் தமிழும் 108 அழைப்பேற்பார் பயிற்சியும்

விரைவு என்பது தமிழ் இலக்கணம் தனித்து நோக்கிய பொருள்களுள் ஒன்று. விரைவினால் அடுக்கும் சொல் மூன்றின் மிகாது எனத் தொல்காப்பியம் வரம்பு கூறும். எதிர்காலமும் நிகழ்காலமும் விரைவுபற்றி இறந்த காலத்தாற் சொல்லப்படும் என்பதும் அந்நூல் கண்ட உண்மையே. தீயையும் பாம்பையும் கண்டு அஞ்சினான் கூற்றை உரையாசிரியர் எடுத்துக்காட்ட, நாமும் அதனை வகுப்பில் ஓதிக் கடந்து செல்கின்றோம். அத்தமிழையே இரவும் பகலும் செவியேற்று வினைபுரிவார் ஒரு சாரார் உளர். 108 என்னும் எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்போரே அவர். (அவரை அழைப்பார் மூன்று என்னும் வரம்பில் நில்லார் என்பது வேறு.) அவர்தம் தொழிற்பயிற்சியில் மொழியாராய்ச்சிக்கும் ஓர் இடம் உண்டு என்பதை ஈண்டுக் காட்டப் புகுகின்றேன்.

இத்தொழிலின் வரலாறு நெடியதன்று. 1935 நவம்பரில் இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐவர் மாண்டனர். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டார் இணைப்பகத்தின் விடைக்காகக் காத்துக் கிடக்க நேர்ந்தது. அதன் பயனாக 1937இல் 999 என்னும் எண் அங்குப் பிறந்தது. அமெரிக்காவில் 911 என்னும் எண் 1968இல் வழக்கிற்கு வந்தது. அழைப்பை ஏற்பவர் இன்ன வினாவை இன்ன முறையில் வினவுக என வரன்முறை வகுத்தவர், 1970களின் இறுதியில் சால்ட் லேக் நகரில் மருத்துவராயிருந்த செஃப் கிளாசன் ஆவார். நம் நாட்டில் 108 ஊர்திப் பணி 2005இல் ஐதராபாத்தில் தொடங்கிற்று. தமிழ்நாட்டிற்கு 2008 செப்டம்பரில் வந்தது.

இப்பயிற்சியின் முதற்பாடம் இடத்தை முதலில் வினவுதல். இணைப்பு அறுந்து போயினும், இடம் தெரிந்தால் ஊர்தி புறப்படலாம் அன்றோ? இது கூறுதற்கு எளிது. எம் சேலையூர்த் தெருவில் முதியவர் ஒருவர் வீழ்ந்தபோது அழைத்தவன் யானே. "எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்ற வினாவிற்கு, "வீட்டிலிருந்து" என விடையிறுத்தேன். தமிழாசிரியன் விடை அது! பின்னர் எண்ணிப் பார்க்க, குறை என்னிடத்து மட்டும் இல்லை எனத் தோன்றிற்று. "ஊர்தி எந்த ஊருக்கு, எந்தத் தெருவிற்கு வரவேண்டும்?" என்று வினவின், அவ்விடை பிறவாது.

ஊர்ப்பெயர் கூறிய பின்னும் மயக்கம் நீங்குவதில்லை. மாடம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்னும் மூன்றும் சென்னையின் தென்புறத்தனவே; அழுகுரலில் ஒன்று மற்றொன்றாய்க் கேட்கும். தாம்பரம் என்றால் கிழக்கா மேற்கா என்பது உடன் வேண்டும்; இடையே இருப்புப்பாதை கிடத்தலின், பக்கம் மாறிய ஊர்தி சுற்றி வருதல் வேண்டும். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. தனித்தனி ஊர்களாய் இருந்த காலத்துத் தீங்கு செய்யாத காந்தி தெருவும் நேரு தெருவும் இன்று ஒரே நகர்க்குள் பலவாய் நிற்கின்றன. ஆதலின் ஊர்ப்பெயரை வாங்கி, அருகிலுள்ள ஊரையும் கேட்டு, இரண்டையும் அழைத்தார்க்குத் திருப்பிக் கூறுதல் இன்றியமையாதது.

இனி நோய் கூறும் சொற்களைக் காண்போம். பிறமொழி வினாநிரலை மொழிபெயர்த்துக் கொள்ளுதல் போதாது என்பது இங்கேதான் விளங்கும். "இழுக்கிறது" என்னும் ஒரு சொல்லை எடுத்துக் கொள்க. ஈளை நோயாளர்க்கு மூச்சு இழுக்கிறது. வலிப்பு வந்தார்க்குக் கையும் காலும் இழுக்கின்றன. பக்கவாதம் உற்றார்க்கு வாய் ஒருபுறம் இழுத்துக் கொள்கிறது. இறுதி நிலையினர்க்கு உயிரே இழுத்துக் கொண்டிருக்கிறது. நான்கும் நான்கு வேறு நோய்கள்; செய்யத்தக்கனவும் வேறு. பலபொருள் ஒருசொல் இனத்தாலும் சார்பாலும் விளங்கும் என்பர். அழைப்பார் பதற்றத்தில் அவ்வினத்தையும் சார்பையும் விட்டுவிட்டு, "இழுக்குது, இழுக்குது" என்றே கூறுவர். "எது இழுக்கிறது?" என்ற இரு சொல் வினா அங்கு உயிர் காக்கும்.

தகுதி வழக்கும் இடையூறு செய்யும். "மருந்து குடித்துவிட்டாள்" என்று ஒரு தாய் கூறின், அது நோய்க்குரிய மருந்தன்று; பூச்சிமருந்து. நஞ்சு என்று சொல்ல நா எழாமையின் மருந்து என்றாள். ஏற்பவர் அதனை உணர்ந்து, வாந்தி எடுப்பிக்க வேண்டா என்றும், புட்டியை ஊர்தியினரிடம் கொடுக்க என்றும் உடனே கூறுதல் வேண்டும். மகளிர் நோய்களில் இடக்கரடக்கல் இதனினும் மிகுதி.

காலமயக்கமே யாவற்றினும் கொடியது. உண்டு முடியாதவனும் விரைவால் "உண்டேன்" என்பான் என உரையாசிரியர் காட்டினர். அங்ஙனமே, மயங்கிக் கிடப்பாரை நோக்கி, "போய்விட்டார்" என அழைப்பார் கூறுவர். அவ்விறந்த காலத்தை மெய்யென நம்பினால், காக்கத்தக்க உயிர் கைவிடப்படும். மறுதலையாய், "மூச்சு இருக்கிறதா?" என வினவ, "இருக்கிறது" என்ற விடையும் பொய்த்தல் கூடும். நெஞ்சம் நின்றுபோன பின்னும் சிலபொழுது விட்டுவிட்டு வரும் திணறலைச் சுற்றத்தார் மூச்செனவே கொள்வர். ஆதலின் இருப்பையும் இன்மையையும் வினவாது, "மார்பு சீராக எழுந்து தாழ்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்" எனக் கண்டு கூறத்தக்க வினாவாக்குதல் நன்று. "எந்தத் தெரு?" என்றதற்கு, "ஐயோ, கண் திறக்கவில்லையே" என வரின், அது நன்னூலார் கூறும் உற்றதுரைத்தல் போல்வது. அதனைக் குறித்துக் கொண்டு, முதல் வினாவை அதே சொற்களால் மீண்டும் கேட்டல் முறை. சொல்லை மாற்றின், அழைப்பார் புதுவினா எனக் கருதி மேலும் மயங்குவர்.

ஊர்தி வருமளவும் மார்பை அழுத்துமாறு தொலைபேசி வழியே ஏவுதலும் இவர் கடன். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, முதிர்ந்தோர்க்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துதல் வேண்டும். ஓர் அழுத்தத்திற்கு அரை நொடியளவே கிடைக்கும். அழைப்பாரை உரக்க எண்ணச் சொல்வதாயின், எவ்வளவு வரை எண்ணுதல் தகும்? தமிழ் எண்ணுப் பெயர்களை மாத்திரையால் அளந்து பார்த்தேன். ஒன்று முதல் பத்து வரை எப்பெயரும் இரண்டிற் குறையவில்லை, மூன்றைக் கடக்கவுமில்லை. பதினொன்று நான்காகிறது, பதினேழு ஐந்து, இருபத்தேழு ஆறரை. முப்பது வரை தொடர்ந்து எண்ணுவான் கை, நாவின் நீட்டத்திற்கு இயையத் தளரும். பத்தளவில் நிறுத்தி மீண்டும் ஒன்றெனத் தொடங்குமாறு சொல்லிக் கொடுப்பின், கையும் நாவும் ஒருசீராய்ச் செல்லும்.