பஞ்சுக்குச் சிக்கும் விரிசல்: தூண்டில் கோலைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஒரு சின்னப் பஞ்சு உருண்டை போதும். அதைக் கார்பன் தூண்டில் கோலின் அடியில் வைத்து, நுனிவரை மெல்ல ஓட்டிக்கொண்டு போங்கள். வழவழவென்று பளபளக்கும் அந்தக் கோலில் எங்கோ ஓர் இழை முறிந்து துருத்தியிருந்தால், பஞ்சின் நார் சட்டென்று அங்கே மாட்டிக்கொள்ளும்! கண்ணுக்குத் தப்பிய விரிசலைக் காசு பெறாத பஞ்சு காட்டிக்கொடுக்கும் என்பது தெரியுமா?

கடைக் கோலை வாங்காமல், தன் கைக்கும் தான் தேடும் மீனுக்கும் ஏற்ற கோலைத் தானே கட்டிக்கொள்ளும் கலை அமெரிக்காவில் ஆழ வேரூன்றிய ஒன்று. கைப்பிடி, ரீலைப் பொருத்தும் ரீல் சீட், நரம்பு ஓடும் கைடு வளையங்கள் எதுவும் ஏறாத வெறுங்கோலை அங்கே பிளாங்க் என்கிறார்கள். நல்ல பிளாங்க் பல நூறு டாலர்வரை விலைபோகும். அதன்மேல் கைடு கைடாக நூல் சுற்றி, எபாக்ஸி பூசி, காயவைத்து முடிக்க நாள்கணக்கில் உழைப்பு. எல்லாம் முடிந்தபின் கோலுக்குள் ஒரு குறை ஒளிந்திருந்தது தெரிந்தால் என்ன ஆகும்? அதனால்தான் முதல் நூலைச் சுற்றும் முன்பே பிளாங்கை எடைபோட்டு, அமுக்கி, வளைத்து, காதோடு வைத்துக் கேட்கிறார்கள். ஆம், காதோடு வைத்து!

முதலில் ஒன்று: பிளாங்க் உள்ளே வெறுமையான குழாய்! கார்பன் இழை ஒன்றின் தடிமன் ஐந்து முதல் ஏழு மைக்ரான்தான். நம் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட எண்ணற்ற இழைகளை ஒரே திசையில் அடுக்கி, பிசினில் தோய்த்துத் தாளாக்குகிறார்கள். பிசின் முன்கூட்டியே இறுகிவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் உறைய வைத்துக் காக்கிறார்கள்! அளவெடுத்து வெட்டிய தாளை, நுனி நோக்கிக் கூம்பிச் செல்லும் எஃகு அச்சின் மேல் பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, அதற்கும் மேலே செலோபேன் டேப்பை இழுத்துச் சுற்றி, ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைக்கிறார்கள். சூட்டில் டேப் சுருங்கி அடுக்குகளை நெரிக்கும். இறுகியபின் எஃகை உருவி எடுத்தால், சிறகுபோல் கனமற்ற குழல் ஒன்று கையில் நிற்கும்!

குறைகள் பிறப்பதும் இங்கேதான். சுருட்டும்போது காற்று சிக்கினால் சுவருக்குள் வெற்றிடம். தாள் மடிந்தால் உள்ளுக்குள் சுருக்கம். சுற்றிய இறுக்கம் ஒரு பக்கம் பிசகினால் சுவர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்துவிடும். டேப்பின் தடத்தைப் போக்கத் தேய்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டாலோ, பாரத்தில் பெரும்பங்கைத் தாங்க வேண்டிய வெளி இழைகளே அறுந்துபோகும். மேலே பளிச்சென்று வண்ணம் பூசிவிட்டால் அந்தக் காயம் யாருக்குத் தெரியும்?

ஆனால் இதைக் கேளுங்கள்: குறை என்று பலர் திருப்பி அனுப்பத் துடிக்கும் பல விஷயங்கள் குறையே இல்லை! தேய்க்காத பிளாங்கின் மேல் அடிமுதல் நுனிவரை சுற்றிச் சுற்றிப் போகும் மேடுகள், அந்தச் செலோபேன் டேப் விட்டுப்போன தடம் மட்டுமே. தேய்க்காததால் வெளி இழைகள் ஒன்றுகூட அறுபடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு துண்டுக் கோல்களில், ஒரு துண்டிலிருந்து நீளும் உள்குச்சி மற்றொன்றுக்குள் நுழையும் வகை இணைப்பு உண்டு. மாட்டிய பிறகும் இரண்டு துண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதைப் பார்த்து அதிர வேண்டாம்; அது வேண்டுமென்றே விட்ட இடம்! மாட்டி மாட்டிக் கழற்றும்போது இணைப்பு தேயும். தேயத் தேய அந்த இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் இரண்டும் முட்டிக்கொள்ளும் நாளில்தான் கவலைப்பட வேண்டும். நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும் பிளாங்க் அபூர்வம் என்பதும் தெரியுமா? சற்றே வளைந்ததை, அந்த வளைவையும் கைடுகளின் கனத்தையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி நேராக்கிவிடுவது கட்டுபவரின் சாமர்த்தியம். சுருட்டிய தாளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், ஏறக்குறைய எல்லாப் பிளாங்குக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பு கூடுதல். அதை ‘ஸ்பைன்’ என்கிறார்கள். கைடுகளை அந்தப் பக்கம் பார்த்து வைப்பதா, நேராகத் தெரியும் பக்கம் பார்த்து வைப்பதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் நேர்கோட்டின் பக்கம். கோல் கையில் முறுக்கிக்கொள்வதை முடிவு செய்வது, கைடுகள் கோலுக்கு மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா என்பதுதான், ஸ்பைன் அல்ல.

சரி, உண்மையான குறையை எப்படிப் பிடிப்பது? அடிமுனையின் வாயைப் பாருங்கள்: சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும், ஒருபுறம் பிறைநிலா தெரியக் கூடாது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அமுக்கி, உருட்டி உருட்டி மேலே போங்கள்: ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று கொடுத்தால் அங்கே அடுக்குகள் ஒட்டாமல் இருக்கலாம். பிறகு ஒரு சாண் ஒரு சாணாக மெதுவாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதுவும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பிளாங்கை ஒதுக்கிவிடலாம். இதே தத்துவம்தான் ஆகாய விமானங்களிலும்! கார்பன் பாகங்களை நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்ற ஒலி மங்கி ‘தொப்’ என்றால், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கக்கூடும். வண்ணம் பூசாத ஃபைபர் கிளாஸ் பிளாங்க் என்றால் இன்னும் சுலபம்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவி, உள்ளிருக்கும் குமிழியையும் கறையையும் காட்டிவிடும்!

அப்புறம் வளைவு. அடியை அசையாமல் பிடித்து நுனியில் சிறு பாரத்தைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். நல்ல பிளாங்கின் வளைவு நுனியிலிருந்து அடிவரை எங்கும் உடையாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். நடுவில் ஓரிடம் தட்டையாக நின்றாலோ, மூலைபோல் மடங்கினாலோ அங்கே ஏதோ கோளாறு. தயவுசெய்து நுனியைக் கூரையில் முட்டவைத்து அழுத்தாதீர்கள். நடுக்கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். பழுதில்லாத பிளாங்கையே உடைத்துவிடும் வேலை அது!

ஏன் உடைகிறது? மெல்லிய குழாய் வளையும்போது அதன் வட்ட வாய் நசுங்கி முட்டை வடிவமாகிறது. முட்டை வடிவமானதும் விறைப்பு குறைகிறது, விறைப்பு குறைந்ததும் இன்னும் வளைகிறது, இன்னும் நசுங்குகிறது, ஒரு கட்டத்தில் படாரென்று மடிந்துவிடுகிறது! பிரேசியர் என்பவர் 1927-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கணக்கோடு விளக்கிய இந்த விளைவு, இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இதைத் தடுக்கத்தான் நீளவாட்டு இழைகளோடு, குறுக்கே வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் இழைகளையும் சேர்க்கிறார்கள். குறுக்கு இழை மெலிந்த இடமும் விரலுக்கு மெத்தென்று தட்டும்.

ஒரே மாடல் எண் கொண்ட இரண்டு பிளாங்குகள் ஒரே மாதிரி இருக்குமா? இருந்தாக வேண்டியதில்லை! அதை அளக்க வில்லியம் ஹேன்மன் என்பவர் கண்டுபிடித்த கருவியைக் கேட்டால் அசந்துபோவீர்கள்: அமெரிக்க ஒரு சென்ட் நாணயம்! 1982-இல் செம்பைக் குறைத்துத் துத்தநாகத்துக்கு மாறிய நாணயத்தின் எடை 2.5 கிராம். கோலைக் கிடைமட்டமாகப் பிடித்து, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழிறங்கும்வரை காசுகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எத்தனை காசு என்பதுதான் கோலின் வலு! ரோட்மேக்கர் இதழில் வெளியான இந்த ‘காமன் சென்ட்ஸ்’ முறையால், விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாமல் சமையலறை மேசையிலேயே இரண்டு பிளாங்குகளை ஒப்பிட்டுவிடலாம். இதைவிட அழகான அளவுமுறையை நான் அறியேன்.

கார்பன் தூண்டில் கோலுக்கு வந்தது மிக அண்மையில். அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் எச்எம்ஜி கோலை விற்பனைக்கு விட்டது 1973-இல். அதற்கு வெகு முன்னே மூங்கில்! தென்சீனாவின் டோங்கின் மூங்கிலைப் பிளந்து, முக்கோணச் சீவலாக இழைத்து, ஆறு சீவல்களை ஒட்டி அறுகோணக் கோலாக்கினார்கள். அங்கேயும் குறை தேடும் கண் வேண்டும். கணு பலவீனமான இடம் என்பதால், பக்கத்துப் பக்கத்துச் சீவல்களின் கணுக்கள் ஒரே இடத்தில் சேராதபடி தள்ளித் தள்ளி அடுக்குவார்கள். பூச்சி அரித்த சுவடு, மேல்தோலில் ஆழ்ந்த கீறல் எல்லாம் கழிவுதான். 1950-இல் சீனாவுடனான வணிகத்தை அமெரிக்கா தடை செய்ததும் அந்த மூங்கில் வரத்தே நின்றது. அதற்குள் ஃபைபர் கிளாஸ் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது!

இன்னொன்று: தொழிற்சாலையில் பிறக்காத குறைகளே அதிகம். தூண்டில் வீசும்போது ஈயக்குண்டு வந்து கோலில் ‘டங்’ என்று மோதும். கார் கதவு ஒருமுறை கடிக்கும். பார்சலாக வரும் குழாய்க்குள் நுனி இடிபடும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத நுனிக்கு அதுவே பெரிய காயம். அதனால் பார்சல் வந்த அன்றே, வண்ணத்தில் கீறல் உண்டா என்று நுனியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். பழுதுக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம் புதிய பிளாங்க் தரும். நீங்கள் சுற்றிய நூலையும் செலவிட்ட இரவுகளையும் தராது. ஆகவே கைடுகளை முதலில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, அவற்றின் வழியே தூண்டில் நரம்பை ஓட்டி, அதன் முனையில் பாரத்தைக் கட்டி, கோலை நன்றாக வளைத்து ஒருமுறை பாருங்கள். வளைவு சீராக இறங்கினால், நூல்கண்டை எடுக்கலாம்!