சம்பளத்துக்கு ஆளே கிடையாது... பிரிஸ்டல் ‘கியூப்’ தியேட்டர் ஓடுவது எப்படி?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஒரு சின்னத் தெருவுக்குள் ஒதுங்கி நிற்கிறது ‘கியூப்’. ஒரே ஸ்கிரீன், சுமார் நூறு சீட். 1998-ல் ஆரம்பித்தது. டிக்கெட் கொடுப்பவர், புரொஜெக்டர் ஓட்டுபவர், தரை கூட்டுபவர் என எல்லோருமே வாலன்டியர்கள்தான்.

அப்போ செலவே இல்லையா? இருக்கு. படம் சும்மா வராது. பொதுவாக, வசூலில் ஒரு பங்கு அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இதில் எது அதிகமோ அதை விநியோகஸ்தருக்குக் கட்டணும். பத்தே பேர் வந்தாலும் அந்தக் குறைந்தபட்சம் போயே ஆகும். கரன்ட் பில் தனி.

ஆனா இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி, இடம். வாடகைக் கட்டடம் என்றால் ஓனர் விற்க முடிவெடுக்கும் நாளில் ஷோ முடிஞ்சது. சிட்டிக்குள் இருக்கும் மனைக்கு பில்டர் தரும் விலையோடு குட்டித் தியேட்டர் மோத முடியுமா? கியூப் ரசிகர்களிடமே கை நீட்டியது. 2013-ல் 1,85,000 பவுண்டு இலக்கு வைத்து நன்கொடை திரட்டினார்கள். கட்டடம் இப்போ அவங்களுடையது!

இலவச உழைப்பில் ஒரு சிக்கலும் உண்டு. வேலை முடித்து மாலையைச் சும்மா தரக்கூடியவர்களால்தான் வாலன்டியராக முடியும். பிரிஸ்டலில் வீட்டு வாடகை ஏற ஏற, அவங்க எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம். இங்கே கூல்டிரிங்க்ஸ்கூட சொந்தத் தயாரிப்பு. பெயர் ‘கியூப் கோலா’. ஃபார்முலாவில் ரகசியம் எதுவும் கிடையாது. 2010 ஹைட்டி பூகம்பத்துக்குப் பிறகு அங்கே போய், குழந்தைகளுக்குப் படம் போட்டுக் காட்டியதும் இதே டீம்தான்.