நாலு விரல் தூரத்தில் நழுவிய பதக்கம்!

1984-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி.

எட்டுப் பெண்கள் ஓடினார்கள். அவர்களில் ஒருவர் கேரளத்துப் பய்யோளியைச் சேர்ந்த பி.டி.உஷா. வயது 20.

மொராக்கோ நாட்டுப் பெண் முதலில் வந்தார். அமெரிக்கப் பெண் இரண்டாவதாக வந்தார். மூன்றாவது யார்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உஷாவும் ருமேனியா நாட்டுப் பெண்ணும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். காமிரா எடுத்த படத்தைப் பார்த்தார்கள்.

ருமேனியப் பெண்: 55.41 வினாடி.

உஷா: 55.42 வினாடி.

ஒரு வினாடியை நூறு பங்கு போட்டால், அதில் ஒரே ஒரு பங்கு! அந்த நேரத்தில் உஷா எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்? கையை நீட்டி நாலு விரல்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலம்தான். அதற்குள் வெண்கலப் பதக்கம் போய்விட்டது.

கோட்டை நெருங்கியபோது மார்பை முன்னே தள்ளத் தவறிவிட்டதாகப் பிற்பாடு உஷாவே சொன்னார்.

மார்பா, காலா?

ஓட்டப் பந்தயச் சட்டம் வேடிக்கையானது. தலை முந்தினால் கணக்கில்லை. கையோ காலோ முந்தினாலும் கணக்கில்லை. கழுத்துக்குக் கீழே உள்ள உடம்பு கோட்டை எட்ட வேண்டும். ஆகவே கடைசி அடியில் மார்பை முன்னே சாய்க்க வேண்டும். முன்கூட்டியே சாய்ந்தால் தடுமாற்றம்தான் மிச்சம்.

பள்ளிக்கூடப் பந்தயங்களில் பல பிள்ளைகள் கோட்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து விடுகிறார்கள். பரிசு பக்கத்துப் பிள்ளைக்குப் போகிறது! கோட்டுக்கு அப்பால் இன்னொரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

குனிந்து பாய்ந்தவர்

முடிவில் மட்டும் அல்ல, புறப்படும்போதும் இப்படிச் சிறு துளி நேரம் வீணாகிறது. 1896-ல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் பர்க் தரையில் கை ஊன்றி, குனிந்த நிலையில் புறப்பட்டார். 100 மீட்டர் பந்தயத்தில் அவருக்கே வெற்றி. நேரம் 12 வினாடி.

குனிந்து புறப்பட்டால் கால்கள் தரையைப் பின்னுக்குத் தள்ளும். உடம்பு முன்னே பாயும். ஆனால் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் சடாரென்று நிமிர்ந்தால் எல்லாம் வீண். முதல் பத்து அடிகளாவது சாய்ந்தபடியே ஓடி, மெல்ல மெல்ல நிமிர வேண்டும்.

எட்டி வைக்காதே!

காலை எட்டி எட்டி வைத்தால் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாதம் வெகு முன்னால் போய் விழுந்தால், ஓடும் வண்டிக்கு பிரேக் போட்டது போலத்தான். முன்பாதம் கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர் கீழே ஊன்ற வேண்டும். ஊன்றிய மறுகணமே தரையை ஓங்கி உதைக்க வேண்டும்.

2000-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார்கள். வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும் காலைக் காற்றில் வீசும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் உதையில்தான் இருக்கிறது!

கைகளுக்கும் வேலை உண்டு. முழங்கையை மடக்கி, முன்னும் பின்னுமாக வீச வேண்டும். மார்புக்குக் குறுக்கே வீசினால் உடம்பு திருகிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதும் ஆகாது. தோள் இறுகும், வேகம் தளரும்.

ஜமைக்கா வீரர் உசேன் போல்ட் 2009-ல் பெர்லின் நகரில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அவருக்கே கடைசி 20 மீட்டரில் வேகம் சற்றுக் குறைந்தது. அந்த இடத்தில் உடம்பை இறுக்கினால் இன்னும் குறையும்.

பயிற்சிக்கு 30 மீட்டர் தூரம் போதும். முழு வேகத்தில் ஓடி, மூச்சு நன்றாக அடங்கிய பிறகே மறுபடி ஓட வேண்டும். களைப்போடு ஓடினால் உடம்பு மெதுவாக ஓடத்தான் பழகும்!

மீண்டும் 55.42

1986-ல் சியோல் நகரில் ஆசிய விளையாட்டு விழா. உஷா நாலு தங்கம் வென்றார். தடை ஓட்டத் தங்கமும் அதில் ஒன்று.

ஆனால் லாஸ் ஏஞ்சல்சில் அவர் ஓடிய அந்த 55.42 வினாடியை இந்தியப் பெண்கள் யாரும் 39 ஆண்டுகள் எட்டவில்லை. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் ஓடினார். நேரம் 55.42 வினாடி. நூற்றில் ஒரு பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

மறுநாள் இறுதிப் போட்டி. வித்யா மூன்றாவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது.