நடுவர் இல்லாத ஆட்டம்

டென்னிஸ் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன விம்பிள்டன் பசும்புல் தரையும், உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் நடுவரும், திரளான பார்வையாளருமே. ஆனால் அவ்விளையாட்டை ஆடுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. பகலெல்லாம் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ உழைத்துவிட்டு, மாலையில் ஊர்ப் பூங்காவின் ஆடுகளத்தில் இரண்டு மணி நேரம் ஓடி வியர்க்கும் எளிய மனிதர்கள் அவர்கள். இத்தகையோரை அணி சேர்த்து, பருவம் முழுவதும் ஒழுங்காக ஆடவைப்பது எவ்வாறு? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்குக் கண்ட வழி நாமும் அறியத்தக்கது.

அந்நாட்டு டென்னிஸ் சங்கம் 1980-ஆம் ஆண்டில் பொழுதுபோக்காக ஆடுவோருக்கென லீக் ஒன்றைத் தொடங்கியது. முதலாண்டில் சேர்ந்தவர் ஏறத்தாழ 13,000 பேர். பின்னாளில் அத்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டிற்று.

இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது ஒரு சிறிய எண். கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் மோதினால் இருவருக்குமே இன்பமில்லை. தோற்றவர் மறுவாரம் வரவும் மாட்டார். ஆகவே 1.5 முதல் 7.0 வரை அரை அரைப் புள்ளியாக உயரும் தர அளவு ஒன்றை வகுத்திருந்தனர். அடிப்படியில் நிற்பவர் அண்மையில்தான் மட்டையைக் கையில் எடுத்தவர்; உச்சியில் இருப்பவர் உலக அரங்கில் ஆடுபவர். புதிதாக வருபவர் தம் தரத்தைத் தாமே மதிப்பிட்டுக் கூறுதல் வேண்டும். பின்னர் அவர் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளைக் கொண்டு கணிப்பொறி அதனைத் திருத்தும்.

இங்கேதான் மனித இயல்பு தலைகாட்டுகிறது. உள்ளூரில் வெல்லும் அணி படிப்படியாகத் தேசியப் போட்டி வரை செல்லலாம். அந்த ஆசையில், 4.0 தரமுடைய ஒருவர் தம்மை 3.5 என்று தாழ்த்திச் சொல்லிக்கொண்டு, எளியோரை நையப் புடைப்பதும் உண்டு. தாழ்மை இப்படியும் பயன்படுகிறது! கூறிய தரத்துக்கு மிஞ்சிய ஆட்டத்தை மும்முறை வெளிப்படுத்தியவரைத் தகுதியிழக்கச் செய்யும் விதி இதற்கெனவே ஏற்பட்டது. கோப்பை இல்லாதிருந்தால் இத்தொல்லையில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். கோப்பையே இல்லையெனில் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்றால், அதற்கும் விடை கூறுதல் எளிதன்று.

லீகின் பாரமெல்லாம் அணித்தலைவரின் தோளில்தான். அவர் ஊதியமின்றி உழைப்பவர். இரண்டு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆட்டங்கள் என்றால் எட்டுப் பேர் தேவை. ஒருவருக்குக் காய்ச்சல், மற்றொருவர் மகளுக்குத் தேர்வு என்று வந்துவிடுமாதலால், பன்னிரண்டு பேரையாவது சேர்த்துவைத்தாலன்றிக் காலம் தள்ள இயலாது. ஆறு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதப் பதினைந்து சந்திப்புகள். ஓர் அணியை நிலையாக நிறுத்தி மற்ற ஐந்தையும் சுழற்றிக்கொண்டே வந்தால், வாரத்துக்கு மூன்றாக ஐந்து வாரங்களில் முடிந்துவிடும். ஆடுகளமோ மணிக்கணக்கில் கிடைப்பது. அடுத்த குழுவினர் மட்டையும் கையுமாக வேலிக்கு வெளியே காத்திருப்பர். எனவே இருவரும் ஆளுக்கொரு செட் வென்றுவிட்டால், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, இரண்டு புள்ளி முந்துதலோடு பத்துப் புள்ளிக்கு ஒரு டை பிரேக் ஆடி முடித்துக்கொள்வர்.

கணக்கு எளிது, கடினமானது வேறு. எட்டுப் பேர் ஆடினால் நால்வர் வெளியே அமரவேண்டும். எப்போதும் அதே நால்வர்தாமா? வெற்றியை நாடும் தலைவர் ஆம் என்பார். ஆயினும் பன்னிரண்டாமவரும் மற்றவரைப் போலவே கட்டணம் செலுத்தியவர். வீட்டு வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்தவர். அவருக்கும் முறை தந்து, அதனால் ஒரு சந்திப்பைத் தோற்கும் தலைவரின் அணியே மறு ஆண்டும் கலையாமல் நிற்கும் என்று நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது, இங்கு நடுவரே இல்லை என்பதுதான். வலைக்கு இப்பால் விழும் பந்துக்கு இப்பால் நிற்பவரே நீதிபதி. தம் வழக்குக்குத் தாமே தீர்ப்புச் சொல்லும் இவ்வேலைக்கு, கர்னல் நிக் பவல் என்பவர் முதலில் தொகுத்த நெறிமுறைகள் வழிகாட்டுகின்றன. கோட்டின் ஓரத்தை இம்மியளவு தொட்ட பந்தும் நல்ல பந்தே. ‘அவுட்’ என்பதை உடனே சொல்லவேண்டும். வேலியோரம் நிற்கும் நண்பரைக் கேட்டுச் சொல்லலாகாது. தாம் அடித்த பந்து வெளியே விழுந்ததைத் தாமே தெளிவாகக் கண்டால், முதல் சர்வீஸ் தவிர மற்றவற்றில், எதிராளி கேளாமலே அதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நினைத்துப் பாருங்கள்: டை பிரேக்கில் ஒன்பதுக்கு எட்டு என எதிரணி முந்தி நிற்கிறது. கோட்டருகே பந்து விழுகிறது. இணை ஆட்டக்காரர் ‘அவுட்’ என்கிறார். நமக்கோ அது கோட்டைத் தொட்டதாகத் தோன்றுகிறது. இணைந்தாடும் இருவரும் மாறுபட்டால் பந்து நல்லதே. அந்த ஒரு புள்ளியோடு ஆட்டம் போய்விடும். இருவரும் சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ‘மறுபடி ஆடுவோம்’ எனக் கேட்க வழியில்லை. ஐயத்தின் பயன் எதிராளிக்கே சேரும்.