கிராமத்தில் ஆங்கிலம் கற்பிக்கக் கன்னடம் வேண்டும்!

"ஆங்கிலம் கற்பிக்க நகரப் பள்ளி நல்லதா, கிராமப் பள்ளி நல்லதா?" மைசூருக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இங்குள்ள வட்டாரக் கல்வியியல் நிறுவனம் 1963 முதல் தென் மாநிலங்களுக்கு ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. மைசூர் நகரிலும், ஹுணசூர் தாலுகாவில் ஒரு கிராமத்திலும் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நகரத்துப் பிள்ளையின் காதில் ஆங்கிலம் விழுந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சி, தெருவில் அரண்மனை பார்க்க வரும் வெளிநாட்டார். பேச்சு சரளமாக வரும். எழுத்தில்தான் பிழை மலியும். அங்கே ஆசிரியருக்குத் திருத்துவதே பெரும் வேலை.

கிராமத்தில் ஆசிரியர் பேசுவதுதான் பிள்ளை கேட்கும் ஆங்கிலம். பசுவைப் பற்றிய கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். "உன் வீட்டில் பசு உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் விழிப்பான்.

ஒரு மாணவி விடுப்புக் கடிதத்தில் "டு மீ ஃபீவர் கேம்" என்று எழுதியிருந்தாள். கன்னடத்தில் "நனகெ ஜ்வர பந்திதெ". தமிழில் "எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது". இரண்டும் ஒரே அமைப்பு! நமக்குக் காய்ச்சல் 'வருகிறது'. ஆங்கிலேயரிடம் அது 'இருக்கிறது'. கன்னட வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினேன். தலைவலி, சளி, இருமல் என்று பிள்ளைகள் தாங்களாகவே "ஐ ஹேவ்" போட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கன்னடம் தெரியாத ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போயிருப்பார். தமிழருக்கோ அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பது எளிதில் விளங்கும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2007-08 முதல் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடம். ஆயினும் கன்னட வழியில் பத்தாம் வகுப்பு தேறியவன் பி.யு.சி.யில் அறிவியல் எடுத்தால், இயற்பியலும் வேதியியலும் ஒரே நாளில் ஆங்கிலமாகி விடுகின்றன. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய என் மாணவன் ஒருவன் மூன்றே மாதத்தில் கல்லூரியை விட்டு மெக்கானிக் பட்டறையில் சேர்ந்தான். அவனுக்குப் புரியாதது பாடம் அல்ல, மொழி!

நகரப் பள்ளியில் வசதிகள் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியாவது கிடைத்துவிடும். ஆகவே இளம் ஆசிரியர்களே, முதல் சில ஆண்டுகளையாவது கிராமத்தில் கழியுங்கள். போகுமுன் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.