ஓடுவதும் ‘ரன்’, ஓட்டுவதும் ‘ரன்’
(சின்ன வினைச்சொற்கள் – 11)

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லைத் திருத்தி எழுத ஒன்பது மாதங்களுக்கு மேல் உட்கார்ந்தார். முடித்தபோது அவர் கணக்கில் 645 பொருள்கள். அதுவரை முதலிடத்தில் இருந்த ‘செட்’ பின்னால் போய்விட்டது.

மிரள வேண்டாம். 645இல் பெரும்பகுதி ஆங்கிலேயருக்கே தெரியாது. நமக்கு வேண்டியவற்றில் பாதியைத் தமிழே கற்றுக்கொடுத்துவிட்டது.

ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை என்று பள்ளியில் படித்தோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் இருந்தன: ஓடுவதற்கு ‘ரின்னன்’, ஓடச்செய்வதற்கு ‘ஏர்னன்’. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘ரன்’ ஆகிவிட்டன. அதனால்தான் ஆறு ஓடினாலும் ‘ரன்’, படம் நூறு நாள் ஓடினாலும் ‘ரன்’, ஒருவர் கடையை நடத்தினாலும் ‘ரன்’. ‘ஷி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்றால் அவர் ஹோட்டலைச் சுற்றி ஓடவில்லை, அதை நடத்துகிறார். நாமும் ‘அந்தக் கடையை அவர்தான் ஓட்டுறார்’ என்று சொல்வதுண்டே.

ஆனால் இந்த ஒற்றுமையை முழுக்க நம்பினால் வண்டியில் மாட்டிக்கொள்வோம். கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்க ‘டிரைவ்’தான் வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டு ரன் எ கார்’ என்றால் கார் வைத்துக்கொண்டு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் என்று செலவழித்துக் கட்டிக்காப்பது. பேருந்துக் கழகம் பேருந்துகளை ‘ரன்’ பண்ணும்; ஓட்டுநர் ‘டிரைவ்’ செய்வார். இன்னொரு பக்கம், ‘எனக்கு ஒண்ணும் ஓடல’ என்பதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்று சொன்னால் கேட்பவருக்கும் ஒன்றும் ஓடாது.

தமிழ் வேறு வினையைத் தேடும் இடங்களும் உண்டு. மூக்கு ஒழுகுவது, துவைத்த துணியில் சாயம் போவது, காய்ச்சல் அடிப்பது, சர்க்கரை நோய் பரம்பரையாக வருவது எல்லாவற்றுக்கும் அங்கே ‘ரன்’தான். தேர்தலில் நிற்பதை அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே ‘நிற்கிறார்கள்’: அவர்களுக்கு அது ‘ஸ்டாண்ட்’. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் விட்டுவிட்டு ‘கன்டெஸ்ட்’ என்று எழுதிப் பழகிவிட்டன. அதிலும் தவறில்லை.

பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லில்தான் அதிகக் கவனம் வேண்டும். பால் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட்’; கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் தள்ளி வையுங்கள். கடைத்தெருவில் பழைய வாத்தியாரை எதிர்பாராமல் சந்தித்தால் ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’. அங்கே வாய் தவறி ‘ஓவர்’ என்று சொல்லிவிட்டால் வண்டியை அவர்மேல் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள். போலீஸ் கேஸ்!

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி இந்தச் சிக்கலை நேரில் பார்த்தவர். வேற்றுமொழிக்காரர்களுக்கென்றே அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. வினைச்சொல்லின் பொருளோடு, அதை அடுத்து என்ன சொல் வரலாம் என்பதையும் வகைபிரித்துக் காட்டினார். ஆக்ஸ்போர்டின் மாணவர் அகராதி அந்த நூலின் வாரிசுதான். ‘ஒரு சொல், இருபது பொருள்’ என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் கைடுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. பரீட்சை முடிந்த மறுநாள் அந்த அட்டவணை மறந்துபோகும்.

இந்த வாரம் ஆங்கிலச் செய்தித்தாளில் ‘ரன்’ கண்ணில் படும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் வீட்டுத் தமிழில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று குறித்துவையுங்கள். அடுத்த வாரம் ‘டேக்’.