கடல் தாண்டும் கால்சைன்

பெங்களூர் நீலசந்திராவில் பல வீடுகள் இருபதுக்கு முப்பது அடி மனையில் மேலே மேலே எழும்பியவை. ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலியில், 14 மெகாஹெர்ட்ஸில் பேச ஒரு டைபோல் ஆன்டெனா கட்ட வேண்டுமென்றால் சுமார் 33 அடி கம்பி தேவை. மொட்டை மாடியில் நீளவாக்கில் இழுத்தால் மூன்றடி அடுத்த வீட்டுக்குள் போய்விடும். மூலைக்கு மூலை இழுத்தால் 36 அடி கிடைக்கிறது, சின்டெக்ஸ் டாங்குக்கு மேலாகப் போனால் சரி. நான் அப்படித்தான் கட்டியிருக்கிறேன். எதிர் மாடி அக்கா பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, துணி காயப்போட இவ்ளோ மெல்லிசா கம்பி?" என்றார்.

இந்தக் கம்பியிலிருந்து கலிஃபோர்னியாவை எட்ட நல்ல நேரம் மாலை. இங்கே பொழுது சாயும்போது அங்கே விடிந்துகொண்டிருக்கும். கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. பகல்–இரவு எல்லைக்கோட்டில் இரண்டு ஊர்களும் ஒருசேர நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில், அயனிமண்டலம் மனது வைத்தால், நூறு வாட் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பெங்களூரிலிருந்து வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைனில் (வானலை அடையாளப் பெயரில்) கூப்பிடுகிறவர்கள் ஏராளம். உலகில் யாரும் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம்தான் மற்றவர்களைத் தேடிப் போகிறோம். பயணம் இதைத் தலைகீழாக்குகிறது. ஹாம்களின், அதாவது இந்த வானொலிக்காரர்களின், உலகப் பட்டியலில் 340 'நாடுகள்' உண்டு. அரசியல் வரைபடத்தில் நாடாக இல்லாத தீவுகளும் அதில் தனித்தனியாக எண்ணப்படும். அந்தமான் நிகோபார் ஒன்று, லட்சத்தீவு இன்னொன்று. அங்கே போய் ரிக்கை (வானொலிப் பெட்டியை) ஆன் செய்கிறவருக்கு உலகமே வரிசையில் நிற்கும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அதைச் செய்தார். பல ஆண்டுகள் அனுமதி கிடைக்காமல் கிடந்த அந்தமானிலிருந்து, போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டி, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் அவர் கூப்பிட்டபோது பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பதில்கள் குவிந்தன. பொழுதுபோக்குப் பயணம்தான். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, பிறகு சுனாமி. தொலைபேசித் தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து நலம் விசாரிக்கவும், உயிரோடு இருப்பவர்களின் செய்தியை வீட்டுக்குச் சொல்லவும் அதே ரிக்குகளே உதவின. அவருடைய குழுவினர் கார் நிகோபாருக்கும் போனார்கள். சுற்றுலாப் பெட்டியில் போன சாதனம் நிவாரணச் சாதனமாக மாறியதைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தியாகமாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் அங்கே இருந்ததற்குக் காரணம் ஆசை மட்டுமே என்பது.

சரி, அனுமதி. வானலைக்கு விசா கிடையாது, ஆனால் அதில் பேசுகிறவருக்கு உண்டு. அமெரிக்காவோடு நமக்குப் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியக் குடிமகனாக, இந்திய லைசென்ஸ் நடப்பில் இருந்தால், கலிஃபோர்னியாவில் இறங்கியதும் டபிள்யூ6 என்று முன்னால் சேர்த்து, சாய்கோடு போட்டு, நம் வி.யு. கால்சைனைச் சொல்லிப் பேசலாம். அங்கே தனியாக எந்த அனுமதியும் கேட்க வேண்டாம். ஐரோப்பா அப்படியில்லை. அங்கே பல நாடுகள் ஒரே ஏற்பாட்டில் சேர்ந்து ஒருவர் லைசென்ஸை மற்றவர் ஏற்கிறார்கள். அமெரிக்காவும் அதில் இருக்கிறது, நாம் இல்லை. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர் அந்நாட்டு அலுவலகத்துக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். வளைகுடாவில் அந்தந்த நாட்டு அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. இத்தனைக்கும் மறைந்த ஓமன் சுல்தான் காபூஸே ஏ41ஏஏ என்ற கால்சைன் வைத்திருந்த ஹாம்! நம் பக்கம் ராஜீவ் காந்தி வி.யு.2 ஆர்.ஜி.

அனுமதி கிடைத்தாலும் மாடி கிடைப்பதில்லை. வெளிநாட்டு வாடகை வீட்டில் பால்கனிக் கம்பியில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டு உட்கார்ந்தால் குரல் எங்கும் போகாது. அதனால் பலர் எஃப்டி8 என்ற கணினி வழி முறையின் பக்கம் போய்விட்டார்கள். 15 வினாடிக்கு ஒருமுறை கணினி கீச்சிடும், எதிர்ப்பக்கக் கணினி பதில் கீச்சிடும், காதுக்கே கேட்காத சிக்னலிலும் தொடர்பு பதிவாகிவிடும். 2017இல் இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், 1993இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். குறை சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மனுஷன் குரல் கேட்காத ஹாம் ரேடியோ எனக்கு ஒட்டவில்லை.

பால்கனிவாசிகளுக்குப் பெங்களூர் கொடுத்த ஒரு வழி இருந்தது. 2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.–சி6இல் கார்ட்டோசாட்–1உடன் 42.5 கிலோ எடையில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் போனது. பெயர் ஹாம்சாட். இஸ்ரோ இங்கே பெங்களூரில் செய்தது. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள்: ஒன்று நம்முடையது, மற்றது நெதர்லாந்தின் இளைஞர் வில்லியம் லெய்னார் செய்தது. கீழிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்பினால் 145 பக்கம் திருப்பித் தந்தது. தலைக்கு மேல் வந்து மறைய ஏறக்குறைய பத்து நிமிஷம். சின்ன யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்து அது போகும் திசைக்குத் திருப்பிக்கொண்டே பேசவேண்டியிருந்தது. கடற்கரை, ஹோட்டல் மாடி, எங்கிருந்தும் முடிந்தது. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். பேட்டரிகள் ஓய்ந்து 2014 ஜூலையில் அதன் சேவை முடிந்தது. அதே தரத்தில் இன்னொன்றை இஸ்ரோ ஏன் அனுப்பக்கூடாது என்று கேட்காத ஹாமை நான் பார்த்ததில்லை.

கிளம்புகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் இரண்டு. லைசென்ஸின் அசலும் நகலும் ரிக் இருக்கும் பையிலேயே இருக்கட்டும்; விமான நிலையத்தில் வாக்கிடாக்கி கண்ணில் பட்டால் கேள்வி வராமல் இருக்காது. கூடுதல் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான், செக்–இன் பெட்டியில் அனுமதியில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு லீவுக்கு நீலசந்திரா வருகிறவர்கள் மாமியார் வீட்டு மாடியில் கம்பி கட்டுவதற்கு முன் வானொலி லைசென்ஸ் தரும் டெல்லி டபிள்யூ.பி.சி.யிடம் விண்ணப்பித்துவிடுங்கள். அது வந்து சேர்வதற்குள் லீவு முடிந்துவிடக்கூடும், ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்பே.

அடுத்த வாரம்: எஸ்.பி. ரோட்டில் என்ன வாங்கலாம், எதை வாங்கக்கூடாது.

(தொடரும்)